ஜெர்மனியில் புதிய மருந்துகளின் விலையும் காப்பீட்டு ஏற்பும்

ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற புதிய மருந்து ஒன்று சந்தைக்கு வந்தால், ஏற்கெனவே கையிலுள்ள சிகிச்சையைவிட அது எந்த அளவுக்கு மேலானது என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். பொதுக் காப்பீடு அதற்குத் தரும் விலையை அதன் பிறகே பேரம் பேசி முடிவுசெய்கிறார்கள். இம்முறை 2011 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இதற்கு அடிப்படையான மருந்துச் சந்தை மறுசீரமைப்புச் சட்டத்தை அதன் ஜெர்மன் பெயர்ச் சுருக்கத்தால் ‘அம்னோக்’ என்பர்.

அதற்கு முன்பு உற்பத்தியாளர் சொன்னதே விலை. ஒரே வகை மருந்துகளைக் குழுவாகச் சேர்த்து, அக்குழுவுக்குக் காப்பீடு தரும் தொகைக்கு உச்சவரம்பு வைக்கும் ஏற்பாடு 1989 முதலே இருந்தது. உண்மையிலேயே புதிதான மருந்துகள் அதற்குள் அகப்படவில்லை. செலவு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கடிவாளம் போட்டவர், சந்தைச் சுதந்திரத்தை வலியுறுத்தும் சுதந்திர ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த சுகாதார அமைச்சர் பிலிப் ரோஸ்லர் என்பது அந்நாட்டு அரசியலின் சுவையான முரண்.

காப்பீடு ஏற்கும் விதம்

மக்களில் பத்தில் ஒன்பது பேர் சட்டப்படியான காப்பீட்டு நிதியங்களில் உறுப்பினர்கள். ஒரு மருந்துக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்து ஜெர்மனியில் விற்பனை தொடங்கினால், அன்றிலிருந்தே நிதியங்கள் அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும். பல நாடுகளில் இருப்பதுபோல, காப்பீடு ஏற்கும் மருந்துகளின் பட்டியலில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் கட்டம் இங்கே கிடையாது. அதனால் ஐரோப்பாவில் புதிய மருந்துகள் மிக விரைவாக நோயாளியை அடையும் நாடுகளில் ஜெர்மனி முன்வரிசையில் நிற்கிறது. முடி வளர்ப்பது, உடல் எடையைக் குறைப்பது, பாலுறவுத் திறனைக் கூட்டுவது போன்றவற்றுக்கான மருந்துகளைச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. வயதுவந்த நோயாளி தன் கையிலிருந்து தருவது விலையில் 10 விழுக்காடு. குறைந்தது 5 யூரோ, மிகுந்தது 10 யூரோ. மருந்துப் பெட்டியின் விலை பல்லாயிரம் யூரோ ஆனாலும் அவர் கொடுப்பது அந்தப் பத்துதான். விலைச் சண்டை முழுவதும் நிறுவனத்துக்கும் நிதியங்களுக்கும் இடையே நடப்பது இதனால்தான்.

மதிப்பீடு

விற்பனை தொடங்கும் நாளில் நிறுவனம் தன் ஆய்வுச் சான்றுகளைத் தொகுத்து, பெர்லினில் உள்ள கூட்டாட்சிக் கூட்டுக்குழுவிடம் தர வேண்டும். மருத்துவர்கள், மருத்துவமனைகள், காப்பீட்டு நிதியங்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் அமர்ந்து முடிவெடுக்கும் அமைப்பு அது. நோயாளிகளின் பிரதிநிதிகள் கலந்து பேசலாம், வாக்களிக்க முடியாது. சான்றுகளைப் பொதுவாக கொலோன் நகரிலுள்ள ‘இக்விக்’ என்ற ஆய்வு நிறுவனம் அலசி, மூன்று மாதத்துக்குள் அறிக்கையை வெளியிடும். அதன் மீது வாய்மொழி விசாரணை நடந்து, ஆறாம் மாத முடிவுக்குள் கூட்டுக்குழு தீர்ப்புச் சொல்லும். கூடுதல் பயன் மிகப் பெரியது, குறிப்பிடத்தக்கது, சிறியது, அளவிட முடியாதது, நிறுவப்படவில்லை, பழையதைவிடக் குறைவு என்று தீர்ப்புக்கு ஆறு படிகள் உண்டு.

நோயாளி கூடுதல் காலம் வாழ்ந்தாரா, தொல்லை தணிந்ததா, வாழ்க்கைத் தரம் உயர்ந்ததா, பக்கவிளைவு குறைந்ததா என்பவையே எடைபோடப்படுகின்றன. இரத்தச் சர்க்கரை அளவு இறங்கியது, கட்டி வளராமல் நின்றது என்று மட்டும் காட்டினால் இக்விக் எளிதில் மசியாது. புற்றுநோய் மருந்துகளில் இதுவே தீராத வழக்கு. மருந்தின் விலை இந்தக் கட்டத்தில் எடைபோடப்படுவதில்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, முழு நலத்துடன் கிடைக்கும் ஓர் ஆண்டு வாழ்வுக்கு இத்தனை பவுண்டு என வரம்பு வைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஜெர்மனி அந்தக் கணக்குக்குள் போகாமல் ஒதுங்கிக்கொண்டது.

ஒப்பீட்டுச் சிகிச்சை

எதைவிட மேலானது என்ற கேள்விக்குச் சொல்லும் பதில்தான் பாதித் தீர்ப்பு. ஒப்பிட வேண்டிய சிகிச்சையைக் கூட்டுக்குழுவே குறிக்கிறது. அது காப்புரிமை முடிந்த மலிவு மாத்திரையாக இருந்து, புதியதன் கூடுதல் பயனும் நிறுவப்படாவிட்டால், பேரம் அந்த மலிவு விலையிலிருந்து தொடங்கும். நிறுவனங்களுக்கு மிகவும் கசந்தது இந்த விதிதான்.

இதன் முதல் பெரிய மோதல் நீரிழிவு மருந்தான லினாக்ளிப்டினில் வெடித்தது. பழைய சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளோடு அதை ஒப்பிட வேண்டும் என்றது கூட்டுக்குழு. ரைன் கரையில் இங்கல்ஹைமைத் தலைமையிடமாகக் கொண்ட போரிங்கர் இங்கல்ஹைம், தன் மருந்தின் வகையையே சேர்ந்த இன்னொரு புதிய மருந்தோடு ஒப்பிட்டது. கூட்டுக்குழு அதை ஏற்கவில்லை. சொந்த நாட்டு நிறுவனமே தன் மருந்தைச் சொந்தச் சந்தையில் விற்காமல் நிறுத்திக்கொண்டது. அந்த மருந்தை அதே பழைய வகையைச் சேர்ந்த கிளிமெபிரைடோடு நேருக்கு நேர் நிறுத்திய கரோலினா ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்புகளில் புதியது பழையதைவிட மோசமில்லை. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோவது மட்டும் புதியதில் வெகுவாகக் குறைந்திருந்தது. கூட்டுக்குழு கேட்டது வீம்புக் கேள்வி இல்லை என்பதற்கு அந்த ஆய்வே போதும். ஆனால் பதில் வர ஆண்டுகள் பிடித்தன.

எல்லா மருந்தும் முட்டி மோதவில்லை. முதலில் மதிப்பீடு முடிந்த டிகாக்ரெலார் என்ற இதய மருந்துக்கு, 2011 டிசம்பரில், நோயாளிகளின் ஒரு பிரிவில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் உண்டு என்ற தீர்ப்புக் கிடைத்தது. மற்றப் பிரிவுகளில் அப்படியில்லை. ஒரே மருந்தை நோயாளிப் பிரிவுகளாக அரிந்து பார்க்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. 2011 முதல் 2017 வரை மதிப்பிட்ட 216 மருந்துகளை இக்விக் ஆய்வாளர்கள் 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தொகுத்துக் காட்டினர். மிகப் பெரிய அல்லது குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் தென்பட்டவை 54. ஏறத்தாழ 58 விழுக்காட்டில் கூடுதல் பயனுக்குச் சான்றில்லை. சான்றில்லை என்றால் பயனில்லை என்று பொருளாகாது. சரியான ஒப்பீட்டு ஆய்வே நடக்காத மருந்துகளும் இக்கணக்கில் அடங்கும்.

பேரமும் முதல் ஆண்டும்

தீர்ப்பு வந்ததும் நிதியங்களின் தேசியக் கூட்டமைப்பும் நிறுவனமும் ஆறு மாதம் பேரம் பேசும். உடன்பாடு இல்லையேல் நடுவர் குழு மூன்று மாதத்தில் விலையைக் குறிக்கும். பிடிக்காவிட்டால் நிறுவனம் மருந்தை விலக்கிக்கொள்ளலாம்.

இதில் இருந்த ஓட்டை முதல் பன்னிரண்டு மாதம். அதுவரை நிறுவனம் கேட்ட விலையே செல்லுபடியானது. 2014 ஜனவரியில் ஈரல் அழற்சி ‘சி’ நோயைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை ஏறத்தாழ 700 யூரோ. நாளொன்றுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 60,000 யூரோ. பேரத்தில் அது 43,500 அளவுக்கு இறங்கியது. ஆனால் முதல் ஆண்டில் கொடுத்தது கொடுத்ததுதான். விற்பனை 25 கோடி யூரோவைத் தாண்டினால் அப்போதிருந்தே பேர விலை பொருந்தும் என்ற யோசனை 2017-இல் வந்த ஒரு சட்டத்தின் வரைவில் இருந்தது, இறுதிச் சட்டத்தில் காணாமல்போனது. 2022-இல் கார்ல் லாட்டர்பாக் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம், பேர விலை ஏழாம் மாதத்திலிருந்தே பின்தேதியிட்டுச் செல்லும் என்றாக்கியது.

அரிய நோய் மருந்துகள்

அரிய நோய்க்கான மருந்துக்கு ஐரோப்பிய அனுமதி கிடைத்தாலே கூடுதல் பயன் நிறுவப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆண்டு விற்பனை 5 கோடி யூரோவைத் தாண்டினால்தான் முழு மதிப்பீடு வரும் என்று முன்பு இருந்தது. 2022-இல் இவ்வரம்பு 3 கோடியாகக் குறைந்தது. அப்படி முழு மதிப்பீட்டுக்கு வந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை கூடுதல் பயனை நிறுவவில்லை என்று இக்விக் பின்னர் கண்டது. முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கு ஒரே ஒரு முறை செலுத்தப்படும் சோல்ஜென்ஸ்மா சுமார் 20 இலட்சம் யூரோ விலையில் 2020-இல் வந்து, விரைவிலேயே வரம்பைத் தாண்டியது. அதே நோய்க்கு ஏற்கெனவே இருந்த நுசினெர்சன் என்ற மருந்தோடு ஒப்பிட்டபோது கூடுதல் பயன் நிறுவப்படவில்லை. நடைமுறைச் சிகிச்சையிலிருந்தே தரவு சேர்த்துத் தரும்படி கூட்டுக்குழு முதன்முதலாக ஆணையிட்டதும் இந்த மருந்துக்குத்தான்.

பீட்டா தலசீமியாவுக்கான சின்டெக்ளோ என்ற மரபணு சிகிச்சைக்கு புளூபேர்ட் பயோ நிறுவனம் 15.75 இலட்சம் யூரோ கேட்டது. தவணையில் தரலாம், பலன் இல்லாவிட்டால் மீதித் தவணை வேண்டாம் என்றும் சொன்னது. விலைப் பேச்சு முறிந்து 2021-இல் ஜெர்மனியைவிட்டு விலகியது. அதே ஆண்டில் ஐரோப்பாவிலிருந்தே வெளியேறும் முடிவையும் அறிவித்தது.

மறைவிலை

பேரத்தில் முடிந்த விலை ஜெர்மனியில் எவரும் பார்க்கக்கூடியதாக இருந்தது. பல நாடுகள் அதைப் பார்த்தே தம் விலையை வகுக்கும் என்பதால் நிறுவனங்கள் இதை வெறுத்தன. 2024-இல் வந்த மருத்துவ ஆய்வுச் சட்டம், ஜெர்மனியில் ஆய்வுப் பணி நடத்தும் நிறுவனங்கள் கூடுதலாக 9 விழுக்காடு தள்ளுபடி தந்தால் விலையை மறைத்துவைக்கலாம் என்றது. ஆல்ட்ஸை நகரில் பெரும் ஆலை கட்டும் லில்லி நிறுவனத்துக்காகவே தைத்த சட்டை இது என்று விமர்சகர்கள் சாடினர். மறைவிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2025 முதல் நடப்பில் உள்ளது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்துகளுக்கு வெளியே தெரிவது பட்டியல் விலை மட்டுமே. நிதியங்கள் வித்தியாசத்தை நிறுவனத்திடமிருந்து பிறகு வாங்கிக்கொள்கின்றன.