கருங்காலி நாற்காலி

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் தச்சருக்கு இரண்டு பெயர் உண்டு. சாதாரணத் தச்சர் 'மெனுயிசியே'. நேர்த்தியான அலமாரி, மேஜை செய்பவர் 'எபெனிஸ்த்'. 'எபேன்' என்றால் கருங்காலி. கருங்காலியில் வேலை செய்பவர் என்று 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வந்த பெயர் அது. பிரான்சில் வளராத ஒரு மரம் அங்கே ஒரு தொழிலுக்கு எப்படிப் பெயரானது என்று பள்ளியில் நான் கேட்கவில்லை. ரிட்டையர் ஆன பிறகுதான் தேடிப் படித்தேன்.

மரம் கப்பலில் போனது. மரம் மட்டுமல்ல, செய்து முடித்த நாற்காலியும் போனது. அதுவும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து.

காரைக்காலுக்குத் தெற்கே 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை அவர்கள் ஆட்சிதான். அவர்கள் இந்தக் கரையில் முக்கியமாக வாங்கியது துணி. ஆனால் ஐரோப்பியர்களுக்காக இங்கே கருங்காலி நாற்காலியும் செய்தார்கள். முறுக்கிக் கடைந்த தூண்கள், இடைவெளியில்லாமல் பூவும் கொடியும் செதுக்கிய சட்டங்கள், பிரம்பு பின்னிய தாழ்ந்த இருக்கை. கருங்காலி தண்ணீரில் மூழ்கும் மரம். அதில் உளி இறங்குவது லேசல்ல.

இதில் வேடிக்கை, அன்று நம் வீடுகளில் பாயும் மணையும் திண்ணையும்தான். தான் உட்காராத சாமானைத் தச்சர் ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தார். யாழ்ப்பாணத்தார் இன்றும் நாற்காலியைக் 'கதிரை' என்கிறார்கள். அது போர்த்துக்கீசியரின் 'கதெய்ரா'. சாமானோடு சொல்லும் இறங்கியது.

இங்கிலாந்து போன நாற்காலிகளின் கதை வேறு. ஹொரேஸ் வால்போல் என்ற பிரபு, பிரதமராக இருந்தவரின் மகன், 1763இல் ஏலத்தில் இப்படிப்பட்ட கறுப்பு நாற்காலிகளை வாங்கி, லண்டன் அருகே தன் ஸ்ட்ராபெர்ரி ஹில் மாளிகையில் போட்டார். எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலேய வேலை என்று அவர் நம்பினார். மற்றவர்களும் அப்படியே நம்பி வாங்கினார்கள். சோழமண்டலக் கரை வேலை என்று தெளிவாக வெகுகாலமானது. இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் அதைச் சரியாகவே குறிக்கிறது. ஊர் திரும்பக் கிடைத்தது. தச்சர் பெயர் கிடைக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரைக்கால் வீட்டில் எங்கள் தாத்தா காலத்து நாற்காலி ஒன்று இருந்தது. கன்னங்கரேல் என்று, இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். பிரம்பு கிழிந்துபோய், பரண் ஏறுவதற்கு அம்மா அதன்மேல் பலகை போட்டிருந்தாள். அப்பா போனபின் வீட்டை விற்றபோது, பழைய சாமான் வியாபாரியிடம் பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்துத் தள்ளிவிட்டோம். என்ன விலை என்றுகூட நினைவில்லை. அது கருங்காலியோ, வெறும் கறுப்பு வார்னிஷோ, நான் பார்க்கவில்லை.

வால்போல் தப்பாகப் புரிந்துகொண்டார். ஆனாலும் பத்திரமாக வைத்திருந்தார். தஞ்சாவூரில் இப்போது நான் இதை எழுதுவது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து. உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாற்காலி இருந்தால், விற்பதற்கு முன் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.