கொதிகலன் பட்டறையிலிருந்து வந்த நெஸர் சகோதரர்கள்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரே வருபவர்களை இடித்துத் தள்ளியபடி ஓடும் முரட்டு ஆட்டம் அது. ஆரம்பத்தில் ஹார்வர்ட், யேல் போன்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்களே இதில் கொடிகட்டிப் பறந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடுவது கௌரவக் குறைவு என்று கருதப்பட்ட காலம். அப்போது அதைத் தயங்காமல் செய்தவர்கள் ஒஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரின் நெஸர் சகோதரர்கள்.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். ஜான், ஃபில், டெட், ஃபிரெட், ஃபிராங்க், ஆல் என்று ஆறு பேர் ஒரே அணியில் ஆடினார்கள். பென்சில்வேனியா ரயில்வேயின் பட்டறையில், கொதிகலன் செய்யும் வேலை. மதிய உணவு இடைவேளைதான் பயிற்சி நேரம்! அதே ரயில்வேயில் வேலை பார்த்த ஜோ கார் என்பவர் 1907ல் 'பான்ஹேண்டில்ஸ்' அணிக்குப் புத்துயிர் கொடுத்தார். பெரிய மூளைக்காரர். ரயில்வே ஊழியர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு அல்லவா? அதனால் பெரும்பாலான ஆட்டங்களை வெளியூரிலேயே வைத்துக்கொண்டார். மைதான வாடகை மிச்சம். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ரயிலேறி, ஞாயிறு ஆடிவிட்டு, திங்கள் காலை மறுபடி பட்டறை. ஆறு அண்ணன் தம்பிகளைப் பார்க்கவே அந்தந்த ஊரில் கூட்டம் கூடியது.

இவர்களில் டெட் தனித்து நின்றவர். 1904 முதல் 1906 வரை புகழ்பெற்ற மாஸிலன் டைகர்ஸ் அணிக்கு ஆடியவர். பான்ஹேண்டில்ஸில் ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே.

1920ல்தான், பின்னாளில் என்.எஃப்.எல். ஆன தொழில்முறை லீக் பிறந்தது. அக்டோபர் 3 அன்று டேட்டன் அணியிடம் பான்ஹேண்டில்ஸ் 14-0 என்று தோற்றது. இரண்டு லீக் அணிகள் மோதிய முதல் ஆட்டமாக அதைச் சொல்வார்கள். சகோதரர்களுக்குப் பொற்காலம் முடிந்திருந்தது. மூத்தவர் ஜானுக்கு வயது 45! 1921ல் ஒன்பது ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. ஆனாலும் அந்த ஆண்டு டெட்டும் அவர் மகன் சார்லியும் ஒரே அணியில் ஆடினார்கள். என்.எஃப்.எல். வரலாற்றில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஆடியது அந்த ஒரு முறைதான்.

1920க்கு முந்தைய ஆட்டங்கள் லீக்கின் கணக்கில் சேராது. ஆகவே பதிவேட்டைப் புரட்டினால் தெரிவது, தோற்றுக்கொண்டிருந்த வயதான ஆட்டக்காரர்கள் மட்டுமே. 1921 முதல் 1939ல் இறக்கும்வரை லீக்கின் தலைவராக இருந்த ஜோ கார், 1963ல் புகழ்க்கூடத்தின் முதல் வரிசையிலேயே இடம்பெற்றார். அவருக்கு அணியாக நின்ற நெஸர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இது நியாயமாகப் படவில்லை.

கொஞ்சம் தப்பித்தவர் தம்பி ஆல். 1920ல் ஆக்ரன், 1927ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் என இரண்டு சாம்பியன் அணிகளில் இருந்தார். தலைக்கவசம் அணிய மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை. லீக் அதைக் கட்டாயமாக்கியது 1943ல். அவரோ 1931லேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார்.