புதுச்சேரியின் தாழ்வாரத் தெருக்கள்

புதுச்சேரி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடற்கரை, காந்தி சிலை, மஞ்சள் சுவர், அதன்மேல் படர்ந்த காகிதப்பூ. எல்லோரும் புகைப்படம் எடுப்பதும் அங்கேதான். ஆனால் அது ஊரின் ஒரு பாதி மட்டுமே. நகரின் நடுவே வடக்கு தெற்காகப் போகும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் இன்னொரு பாதி தொடங்குகிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே ஐரோப்பியர் வாழ்ந்த பகுதியை 'வெள்ளை நகரம்' என்றும், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதியைக் 'கறுப்பு நகரம்' என்றும் பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தார்கள். (பெயர் வைத்த அழகைப் பாருங்கள்!) அந்த மேற்குப் பக்கத்து வீடுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தெருக்கள். பிரான்சுவா மார்த்தேன் 1674-ல் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத் தலத்தை அமைத்தார். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் இருந்த சில வருடங்களில் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள்: நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் வெட்டிக்கொள்ளும்படி நகருக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதே வழியில் ஊரைக் கட்டினார்கள். இன்று எல்லோரும் பிரெஞ்சு நகரமைப்பு என்று புகழும் நேரான தெருக்களின் தொடக்கம் டச்சுக்காரர்களிடம் இருக்கிறது.

அடுத்து வந்தது அழிவு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தபோது கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஊர் திரும்பி வந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அதனால் இன்று நாம் 'பழைய வீடு' என்று பார்ப்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பின் வந்தவை. தப்பிய வீடுகளில் ஒன்று ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்தவர், 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதியவர் என்று அவரை நமக்குத் தெரியும். அவர் பெயராலேயே வழங்கும் ரங்கப்பிள்ளை வீதியில் அந்த வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத் தூண்கள், தமிழ் வீட்டுக் கட்டு. மாடியிலோ சுண்ணாம்புப் பூச்சுள்ள ஐரோப்பியத் தூண்கள். காலையில் துரையிடம் பிரெஞ்சு விவகாரம், இரவில் தமிழில் நாட்குறிப்பு என்று வாழ்ந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வீடு அமையாது!

இனி ஒரு சாதாரணத் தமிழ் வீட்டை வாசலிலிருந்து பார்ப்போம். தெருவில் நடந்து வருகிறவர் முதலில் நுழைவது தாழ்வாரத்துக்குள். மற்ற ஊர்களில் தாழ்வாரம் என்றால் பெரும்பாலும் வீட்டுக்கு உள்ளே, முற்றத்தைச் சுற்றி இருப்பது. புதுச்சேரியில் வீட்டுக்கு முன்னால், தெருவை ஒட்டி இருப்பதற்கும் அதே பெயர். மெல்லிய மரக் கால்கள், அவற்றின்மேல் சரிவாக நாட்டு ஓடு. அவ்வளவுதான். ஆனால் அடுத்தடுத்த வீடுகளுக்கு இடையில் இடைவெளியே கிடையாது, சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். எனவே ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் தாழ்வாரம் தொடங்கிவிடும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தலை நனையாமல், சுடாமல் நடந்துவிடலாம். நகராட்சி கட்டிக் கொடுத்த வசதி இல்லை இது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் செலவில் தன் பங்குக்குப் போட்டது.

தாழ்வாரத்துக்குள் ஒரு படி ஏறினால் திண்ணை. வாசற்கதவின் இரண்டு பக்கமும் இருக்கும். சிலவற்றில் சாய்ந்துகொள்ளச் சரிவான மேடையும் உண்டு. வீட்டுக்காரர் மாலையில் உட்கார்ந்து பேசுவதும், வழிப்போக்கர் இளைப்பாறுவதும் இங்கேதான். அதன்பின் செதுக்கிய கதவு, ஒடுங்கிய நடை, அதைத் தாண்டினால் திடீரென்று வெளிச்சம்: வானம் பார்த்த முற்றம். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போக, வாசல் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் இதுதான் குளிர்சாதனம்.

மேலே மட்டப்பா. மெட்ராஸ் டெரஸ் என்று என்ஜினியரிங் மாணவர்கள் படித்திருப்பார்கள். தேக்கு உத்தரங்களின்மேல் மரச் சட்டங்கள், அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் நிறுத்தி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகத் தட்டோடு. சுவர்ப்பூச்சுக்குச் சலித்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சேரும். பளிங்கு போல வழவழப்பாக இருக்கும்.

வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீடுகளும் அழகானவையே. ஆனால் அந்த அழகு உயரமான மதில், பெரிய கதவு இவற்றுக்குப் பின்னால் தோட்டத்தைப் பார்த்து நிற்கிறது. தெருவில் போகிறவருக்குக் கிடைப்பது சுவர் மட்டுமே. தமிழ் வீடு நேர் எதிர். தன் இடத்தில் ஒரு துண்டைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தன் கதவையே வைக்கிறது. பிற்காலத்தில் இரண்டும் கலந்து ஒரு புது வகை வந்தது. வசதி வந்த தமிழ்க் குடும்பங்கள் கீழே தாழ்வாரத்தையும் திண்ணையையும் அப்படியே வைத்துக்கொண்டு மாடியில் வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய தூண், கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்சு பாணியில் கட்டின. கீழ்ப்பாதி அண்டை வீட்டாரோடும் மேல்பாதி ஆட்சியாளரோடும் பேசுகிற மாதிரி.

அதெல்லாம் சரி, அந்தத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடிந்ததா? முடியாது. இதைச் சொல்லாமல் தெருவின் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை. புதுச்சேரியின் தமிழ்ப் பகுதி சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி என்று பெயர்களே சொல்லும். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்பதற்கு ஒரே சாதியார் ஒரே தெருவில் கட்டியதும் ஒரு காரணம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்தத் தெருக்களில் வீடு கிடையாது. அவர்கள் குடியிருப்பு நகருக்கு வெளியே இருந்தது. அந்த வழக்கத்தை உடைத்த ஒரு நிகழ்ச்சியும் இதே ஊரில்தான் நடந்தது. 1908-லிருந்து 1918 வரை புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்த பாரதியார், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கத்துக்குத் தன் வீட்டில் பூணூல் அணிவித்தார். பாரதியார் குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

கவிஞர்களின் வீட்டை அரசு காப்பாற்றும். மற்ற வீடுகளை யார் காப்பாற்றுவது? அப்பா விட்டுப்போன ஒரு வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் வாரிசு, அதில் இருவர் பிரான்சில் என்றால், ஓட்டை மாற்றக்கூட ஐந்து கையெழுத்து வேண்டும். இடித்து விற்றுப் பங்கு பிரிப்பது சுலபம். நிலத்தின் விலையும் அப்படி. பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காமல் சிமென்ட்டைப் பூசிவிட்டால், ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உதிரத் தொடங்கும். தெருவில் கார் வந்தபிறகு தாழ்வாரம் இடைஞ்சலாகத் தெரிந்தது. நடுவில் ஒரு வீடு தன் தாழ்வாரத்தை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டால், வெயிலில் இறங்கி நடக்க வேண்டியது மொத்தத் தெருவும்தான். ஒரு வீட்டை மட்டும் மீட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

இதைப் புரிந்துகொண்டு செய்யப்பட்ட வேலை ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா ஊர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரங்களோடு சேர்ந்து, புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் அமைப்பும் 2002 முதல் 2004 வரை வைசியாள் வீதியை எடுத்துக்கொண்டன. இன்று அதன் பெயர் கல்வே சுப்பராய செட்டி வீதி. தனித்தனி மாளிகையாகப் பொறுக்கி எடுக்காமல், தெருவின் ஒரு பகுதியில் வரிசையாக வீடுகளின் முகப்பைச் செப்பனிட்டார்கள், தாழ்வாரங்களை மீண்டும் போட்டார்கள். வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு செய்த வேலை. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் இதற்கும் ஒன்று கிடைத்தது. அதன்பின் அக்கம்பக்கத்தில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாயின. விடுதியானால் திண்ணை அலங்காரப் பொருளாகிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும் இடிபட்ட வீட்டின் தூண் பழம்பொருள் கடையில் விலைக்கு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

புதுச்சேரி போகிறவர்கள் கடற்கரையில் சூரிய உதயம் பார்த்த கையோடு மேற்கே நடந்து வாய்க்காலைத் தாண்டி, காந்தி வீதிக்கும் மிஷன் வீதிக்கும் நடுவில் இந்தத் தெருவைப் பார்க்கலாம். காலை வேளைதான் சரி. வண்டிகள் குறைவு, கோலம் புதிதாக இருக்கும், திண்ணையில் யாராவது பேப்பர் படித்துக்கொண்டிருக்கவும் கூடும். புகைப்படம் எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவர் வீடு.