தால் என்றொரு நாக்கு

தாலாட்டு என்றதும் ஆடுவது தொட்டில் என்றுதான் தோன்றுகிறது. சொல்லைப் பிரித்தால் தொட்டிலையே காணோம். ‘தால்’ என்பது நாக்குக்கு ஒரு பழைய பெயர். நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. தோளில் சாய்ந்த பிள்ளைக்கும் பாயில் புரளும் பிள்ளைக்கும் அதனால்தான் அது பொருந்துகிறது.

பேச்சில் மறைந்த அந்தத் தால், பாட்டுக்குள் தப்பிப் பிழைத்தது. பெரியாழ்வார் கண்ணனையும் குலசேகராழ்வார் இராமனையும் ‘தாலேலோ’ என்று உறங்கவைத்தார்கள். பிள்ளைத்தமிழில் காப்பும் செங்கீரையும் முடிந்ததும் மூன்றாவதாக வருவது தாலப் பருவம். ஒட்டக்கூத்தர் குலோத்துங்கச் சோழனைப் பிள்ளையாக்கிப் பாடியபோது, அரசனும் இந்தப் பருவத்தைத் தாண்டித்தான் சப்பாணி கொட்ட வேண்டியிருந்தது. வீட்டுப் பெண்களின் வாயில் இது ராராட்டு, ஓராட்டு என்றெல்லாம் திரிந்தது. மலையாளத்தில் தாராட்டு.

‘ஆராரோ’வை ‘யார் யாரோ’ என்று பிரிப்பவர்கள் உண்டு. உன்னை அடித்தது மாமனா, அத்தையா என்று விசாரிக்கிற தாலாட்டுகள் ஏராளம் என்பதால் ஆசைகாட்டும் விளக்கம்தான். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ரகரமும் லகரமும் நாக்கு புரளப் பிறக்கும் ஒலிகள். பொருள் பின்னால் வந்து ஒட்டியிருக்க வேண்டும்.

ஒலிதான் முதல், பொருள் பிறகு என்பதைப் பல மொழிகள் கலந்த கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வைத்துப் பார்க்கலாம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபிறகு வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சுரங்க வேலைக்குக் குடியேறின. மூங்கில் தட்டி வீட்டில் மரத்தொட்டிலுக்கு ஏது இடம்? உத்தரத்தில் புடவையைக் கட்டினால் வடஆற்காட்டாருக்கு அது ஏணை. வேறு இடங்களில் அதுவே தூளி. சுற்றிலும் கன்னடத்தில் ‘ஜோகுள’, தெலுங்கில் ‘ஜோல’. புரந்தரதாசரும் அன்னமாச்சாரியாரும் பாடிய ‘ஜோ ஜோ’ அது. தமிழுக்கு ர, அவர்களுக்கு ஜ. மொழி மாறினால் பிள்ளை விழித்துக்கொள்ளுமா?

கொள்ளாது போலிருக்கிறது. 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத மொழிகளின் பாட்டுகளைப் போட்டுக்காட்டினார்கள். மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டைக் கேட்டபோது குழந்தைகளின் இதயத்துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. அர்த்தம் அங்கே வேலை செய்யவே இல்லை.

பாடுகிறவளுக்கு அர்த்தம் தேவைப்பட்டது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே வீடுகள் அதிரும். கணவன் நைட் ஷிஃப்டில் கீழே இருக்கும்போது அதிர்ந்தால், அலறி எழுந்த பிள்ளையை மட்டுமா அவள் தேற்ற வேண்டும்? தாய்மார்கள் தம் கவலையையெல்லாம் தாலாட்டில் கொட்டுவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். கேட்கிற பிள்ளைக்கு அது புரியாது என்கிற தைரியம்தான்.

ஏணையை அவிழ்த்த பிறகு அந்தத் தைரியம் செல்லாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். அதற்குத் தாலாட்டு ஒத்துவராது. தூங்கச் சொல்லி ‘தாச்சிக்கோ’ என்று வேண்டுமானால் சொல்லலாம். தமிழ் வீடுகளில் புழங்கும் இந்தத் தாச்சி கன்னடத்திலும் ‘தாச்சி மாடு’ என்று இருக்கிறது. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று வழக்காட நான் தயாரில்லை.

தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். இப்போது வேலை பெங்களூரில். அங்குள்ள மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் ரயிலேறி, இருட்டிய பிறகு திரும்புகிற பெற்றோருக்குப் பிள்ளையோடு மிஞ்சுவது படுக்கப்போகும் நேரம்தான். வீட்டுப்பாடத்தை அப்போது எடுத்தால் அந்தப் பொழுதும் போச்சு. வகுப்பில் யார் கேலி செய்தார்கள், பரீட்சை ஏன் பயமாக இருக்கிறது என்பதெல்லாம் விளக்கணைத்த பிறகே சில பிள்ளைகளுக்கு வாயில் வரும். முதுகைத் தட்டிக்கொண்டே ‘உம்’ கொட்டினால் போதும், பாதியிலேயே கண் செருகிவிடும். இதற்குத் தாலாட்டு மாதிரி தனிப்பெயர் ஒன்றும் இல்லை. “பேசிட்டே தூங்கிட்டான்” என்பார்கள், அவ்வளவுதான்.