விசாரணையில்லாத் தூக்குமரம்

காரைக்குடிக்கு மேற்கேயுள்ள திருப்பத்தூரில் மருது சகோதரர்களின் நினைவிடம் இருக்கிறது. 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட பிரகடனம், பல சாதியாரோடு முசல்மான்களையும் பெயர் சுட்டி விடுதலைப் போருக்கு அழைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று சகோதரர் இருவரும் இவ்வூரில் தூக்கிலிடப்பட்டனர். நீதிமன்ற விசாரணை நடைபெறவில்லை. கம்பெனிப் படையின் கட்டளையே தீர்ப்பாயிற்று.

தண்டனை அத்துடன் நிற்கவில்லை. சின்ன மருதுவின் மகன் துரைசாமி, இளம் வயதினராயிருந்தும், எழுபதுக்கும் மேற்பட்டோருடன் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1818இல் அவரை அங்கே கண்ட கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், முதியவர்போல் தளர்ந்திருந்த அவரை முதலில் அடையாளம் காண இயலவில்லை என்று தம் நினைவுக்குறிப்புகளில் எழுதினார்.

தந்தையின் செயலுக்காக மகனைத் தண்டிப்பதைத் திருக்குர்ஆனின் நீதிநெறி ஏற்பதில்லை. குற்றம் அவரவருக்கே உரியது. அதை நிறுவிய பின்னரே தண்டனை. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்பின் 22ஆம் பிரிவு, கைதானவர் வழக்கறிஞரை நாடும் உரிமையை உறுதி செய்கிறது.

மக்களை அச்சுறுத்தத் தூக்குமரம் நட்ட ஊரில் இன்று மக்களே மலர் தூவுகின்றனர். நீதியற்ற தண்டனை அச்சத்தைச் சிலகாலம் விதைக்கலாம். மதிப்பை ஒருநாளும் பெறாது.