ஒரே சீட்டில் சென்ற கடல்வழி

சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கிக் கொழும்பு வரையில் சென்ற காலம் ஒன்று இருந்தது என்றால், நம் காலனிக் குழந்தைகள் வியப்புறக் கூடும். பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பின்னர், 'போட் மெயில்' எனப்பட்ட புகைவண்டி பயணிகளைத் தனுஷ்கோடித் துறையில் கொண்டுபோய் விட்டது. ஏறத்தாழ 22 மைல் கடலை நீராவிக் கப்பல் கடந்தது. தலைமன்னாரில் இலங்கை ரயில் காத்திருந்தது. வண்டி இரண்டு, கப்பல் ஒன்று, சீட்டும் ஒன்றே. ரயில்வேயில் ஊழியம் செய்யும் என் போன்றோருக்கு அச்சிறு அட்டைத் துண்டின்மீது தனிப் பற்று உண்டு, அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

அக்காலத்தில் எவரும் எதையும் கேட்கவில்லை என்று கொள்ளலாகாது. மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் அழைத்துச் சென்ற ஏழை மக்கள் மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, நோயில்லை என்று வைத்தியர் கூறிய பின்னரே கப்பலேற முடிந்தது. அம்முகாமை நடத்தியது இலங்கைச் சர்க்கார். நம் மண்ணில் அயல் நாட்டின் வாயில்! அதற்கு முன்பு தூத்துக்குடி வழியாகச் சென்றவர்களுக்குத் தட்டப்பாறையில் இத்தகைய முகாம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டு ஒன்றும் கூலியாளுக்குத் தரப்பட்டது. அவர் எந்தத் தோட்டத்திற்கு உரியவர் என்பதை அது காட்டிற்று. எந்த நாட்டிற்கு உரியவர் என்று கேட்கவில்லை. துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆகவே வாயில் அகலத் திறந்திருந்தது.

1939-இல் இந்தியச் சர்க்காரே கூலியாட்கள் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டமும், குடிவரவு குடியகல்வுச் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் வலிமை விளங்கும். இலங்கையிற் பிறந்தவராயினும், தம் தந்தையும் அங்கே பிறந்தவர் என்றோ, அன்றேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு முதற் சட்டம் கேட்டது. லயத்து அறையிற் பிறந்த தொழிலாளி பூட்டனின் பிறப்புப் பத்திரத்திற்கு எங்கே போவார்? 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மற்றச் சட்டம், பிரஜையல்லாதார் உரிய பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி வரலாகாது, தவணைக்கு மேல் தங்கலாகாது என்றது. அயலார் வந்து தங்குவதற்கு விதி வகுப்பது எந்நாட்டிற்கும் உள்ள உரிமை. அதிற் குறைகூற இடமில்லை. ஆனால், தலைமுறைகளாக உள்ளே வாழ்ந்தவரை முதலில் அயலார் என்று எழுதிவிட்டு, பின்னர் அயலார்க்குரிய விதியை அவர்மீது செலுத்துவது வேறு செய்தி.

1949-இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி, இடையறாது வசித்ததை மெய்ப்பித்தால் பிரஜாவுரிமை கோரலாம். மணமானவர்க்கு 7 ஆண்டு, மணமாகாதவர்க்கு 10 ஆண்டு. பேறுகாலத்திற்கென்றோ, பெற்றோரின் ஈமக்கடனுக்கென்றோ திருச்சிச் சீமைக்கு வந்து, தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டால் வசித்த காலம் முறிந்ததாகிவிடும். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன, பெரும்பாலானவை தள்ளப்பட்டன. கொழும்பில் கடை வைத்திருந்த நம் வணிகர் பலரும் தற்காலிக வதிவிட அனுமதி பெற்று, தவணைதோறும் புதுப்பிக்க அலைந்தனர். இசைவின்றிக் கடல் கடந்தோர்க்கு வழங்கிய 'கள்ளத்தோணி' என்ற பெயர், நாளடைவில் மலையகத் தமிழர் அனைவர்மீதும் வீசப்பட்ட வசையாயிற்று.

1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பகுத்தனர். இவ்வொப்பந்தத்தில் ஒரு சிறு வாசகம் உண்டு. இந்தியா செல்ல வேண்டியவர்கள் புறப்படும் வரையில் அங்கே வசிப்பதற்கு இலவச விசா பெறுவார்கள் என்பது அது. பிறந்த ஊரில் வாழ்வதற்கு விசா, அதுவும் இலவசமாக! கருணையோடு எழுதிய வாசகமாகவே இருக்கலாம். எனக்கென்னவோ ஒப்பந்தம் முழுவதிலும் அதுதான் மிகவும் கசக்கிறது.

கையொப்பமிட்டு இரண்டு மாதம் ஆகுமுன், டிசம்பர் 22 இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்கு இரையாயிற்று. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. திரும்பி வந்தோர் அவ்வழியே கரையேறி, தம் பாட்டன்மார் காத்திருந்த அதே மண்டபம் முகாமிற் காத்திருந்தனர். நீலகிரியில் அவர்களுக்கென 1968-இல் தமிழகச் சர்க்கார் தேயிலைத் தோட்டம் அமைத்தது. கன்னட நாட்டுச் சுள்ளியாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் பலர் குடியேறினர்.

1984-இல் உள்நாட்டுப் போரினால் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட் கையிலிருந்தும் பலர் அங்கேயே தங்க நேர்ந்தது. 2003-ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றி, 1964 முதல் அங்கே வாழ்ந்துவந்த நாடற்றோர்க்கும் அவர்தம் சந்ததியார்க்கும் பிரஜாவுரிமை அளித்தது. இந்தியப் பாஸ்போர்ட் பெற்றும் கப்பலேறாதிருந்தவர்கள், இலங்கையிலேயே தங்க விரும்புவதாக ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டாற் போதும் என்றும் அச்சட்டம் விதித்தது.