நடுநாட்டுக் காதல் நாவல்கள்

விருத்தாசலம் என்றதும் இலக்கிய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்பது அவரது இயற்பெயர். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். மற்றவர்களுக்கு அது பழமலைநாதர் கோயில் ஊர், ரயில் மாறும் சந்திப்பு, பீங்கான் பொம்மைகளும் அகல்விளக்குகளும் செய்யும் ஊர். காதல் நாவலோடு அதைச் சேர்த்து நினைப்பவர்கள் குறைவு. ஆனால் சமீப காலத்துக் காதல் நாவல்களில் பிடித்தவை எவை, அடுத்து எதைப் படிக்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது நான் எடுத்து வைக்கும் புத்தகங்களில் பாதிக்கு மேல் அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள நடுநாட்டையும் சேர்ந்தவையாகவே அமைந்துவிடுகின்றன. அது தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொல்ல வேண்டும்.

அகத்திணை மரபு நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழையது. ஆனால் 1879இல் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியானபோது, தமிழ் நாவலில் களவுக்கு இடமிருக்கவில்லை. கற்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. 1896இல் நூலாக வந்த ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தாம்பத்தியத்தின் கதை. இரண்டாண்டு கழித்து வந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்திலும் அன்பு சோதிக்கப்படுவது மணத்திற்குப் பிறகுதான். இதை ஆசிரியர்களின் கூச்சம் என்று தள்ளிவிட முடியாது. நாவலை முதலில் எழுதிய வகுப்பினரின் வீடுகளில் பெண்கள் பூப்பெய்துவதற்கு முன்பே மணமுடிக்கப்பட்டார்கள். காதலிப்பதற்கான வயது என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையிலேயே இருக்கவில்லை. 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என்று வைத்தது. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் பள்ளிக்கும் மணமேடைக்கும் நடுவே மெல்ல மெல்லச் சில ஆண்டுகள் திறந்துகொண்டன. மு.வ., அகிலன், நா. பார்த்தசாரதி என்று பின்னால் வந்தவர்களின் காதலர்கள் உலவியது அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான். ஜானகிராமனின் 'மோகமுள்' தனி வகை. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு விரும்பும் அந்தக் கதையை இன்று படித்தாலும் அதன் துணிச்சல் மங்கவில்லை.

1969இல் 'ராணிமுத்து' தொடங்கியதும் நாவல் மாத இதழின் விலைக்கு வந்தது. பிறகு ரமணிசந்திரன் வந்தார். அவரை இலக்கிய அன்பர்கள் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடகை நூல்நிலையங்களை உயிரோடு வைத்திருந்தவை அவருடைய நூல்கள். சமையலுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் படித்த பெண்களுக்கு, தன்மானத்தை விட்டுக்கொடுக்காத ஒரு நாயகியை அவர் தொடர்ந்து கொடுத்துவந்தார். முரட்டு நாயகன், தவறான புரிதல், கடைசி அத்தியாயத்தில் அது விலகுவது என்ற அந்த அமைப்பிற்கு ஒரு நேர்த்தியும் உண்டு. ஆனால் அதன் அடியில் பேசப்படாத ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நாயகன் நாயகியின் சாதி சொல்லப்படுவதில்லை. சொல்லத் தேவையில்லாதபடிக்கு இருவரும் 'நம்மவர்கள்'. காதலுக்குத் தடையாக வருவது செல்வமோ சந்தேகமோ, ஊர் அல்ல.

விருத்தாசலத்தில் தடை ஊர்தான். அருகிலுள்ள புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன் தலித். வேதிப் பொறியியல் பட்டதாரி. அதே ஊரின் கண்ணகி வன்னியர். இருவரும் 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவரும் நஞ்சு புகட்டப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வர 18 ஆண்டுகள் ஆயின. 2021 செப்டம்பரில் தண்டிக்கப்பட்ட 13 பேரில் இருவர் காவல்துறையைச் சேர்ந்தவர்கள். உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரலில். இப்படியொரு மண்ணில் உட்கார்ந்து காதல் நாவல் எழுதுபவனுக்கு, இவர்கள் சேர்வார்களா என்ற கேள்வி போதாது. உயிரோடு இருப்பார்களா என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

இமையம் அதைத்தான் கேட்டார். கடலூர் மாவட்டத்துக் கழுதூரில் 1964இல் பிறந்தவர், விருத்தாசலத்தில் வாழ்பவர். அவருடைய 'பெத்தவன்' நெடுங்கதையில், தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடும்படி தகப்பன் பழனிக்கு ஊர் ஆணையிடுகிறது. அவர் மகளைத் தப்பிக்க விட்டுவிட்டுத் தான் சாகிறார். காதலர்கள் அதில் அதிகம் பேசுவதுகூட இல்லை. அந்தத் தகப்பனின் ஓர் இரவுதான் கதை. அதைவிடப் பெரிய காதல் கதையைச் சமீபத்தில் நான் படித்ததில்லை.

'எங் கதெ' (2015) நேர் எதிர்த்திசையில் போகிறது. கைம்பெண் ஒருத்தியோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒருவன், அவளைத் தன் உடைமையென்று நினைத்துக் கொலைவெறி வரை போய், பிறகு விட்டு விலகுவதைத் தன் பேச்சுமொழியிலேயே சொல்லித் தீர்க்கிறான். ஆணின் புலம்பல் என்று குறை சொன்னவர்கள் உண்டு. புலம்பல்தான், ஆனால் புலம்புகிறவனை ஆசிரியர் நம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் ஒரு நாளும் அவனுக்குள் அடங்குவதில்லை, நாவலுக்குள்ளும் அடங்குவதில்லை.

சாகித்திய அகாதெமியின் 2020ஆம் ஆண்டு விருதைப் பெற்ற 'செல்லாத பணம்' (2018) காதல் கைகூடிய பிறகு தொடங்குகிறது. பொறியியல் படித்த ரேவதி, பர்மா அகதிக் குடும்பத்து ஆட்டோ ஓட்டுநர் ரவியைப் பிடிவாதமாக மணந்தவள். நாவலின் பெரும்பகுதி அவள் தீக்காயங்களோடு கிடக்கும் ஜிப்மர் மருத்துவமனையில் நடக்கிறது. தந்தையிடம் பணம் இருக்கிறது, அது செல்லவில்லை. மாத நாவல் முடியும் இடத்தில் இது தொடங்குகிறது என்று சொல்லலாம். சில பக்கங்களில் மருத்துவமனை உரையாடல்கள் நீண்டு களைப்பூட்டுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவற்றிற்கு அடுத்து என்ன? மணக்கொல்லை கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' (1999). ஒருவனைக் காட்டி வேறொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்ணின் கதை. முன்பே வந்த நாவல்தான். ஆனாலும் 'எங் கதெ'யைப் படித்த கையோடு படித்தால் அங்கே ஆண் சொல்லாமல் விட்டதெல்லாம் இங்கே கிடைக்கும். திரைப்படமாக 'அழகி'யை (2002) பார்த்தவர்கள், அதற்கு மூலமான தங்கர் பச்சானின் 'கல்வெட்டு' சிறுகதையைத் தேடிப் படிக்கலாம். நடுநாட்டைத் தாண்டிப் போக விரும்புவோருக்குக் கொங்குப் பகுதியிலிருந்து பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013). சோடாக்கடைக் குமரேசனும் சரோஜாவும் ஊருக்குள் நுழையும் முதல் பக்கங்களிலேயே முடிவு தெரிந்துவிடும். இருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது.

அஞ்சலை போன்ற நாவல்களின் பேச்சு வழக்கு, பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இருபது பக்கம் கரடுமுரடாக இருக்கும். கண்மணி குணசேகரனே தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.